மூக்கு எடை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் சாப்பிட்டு வெகு காலமாயிற்று. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம், ஏனென்றால் மேஜை மேல் குண்டு போடும் விமானம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், இரண்டாவது மாடியில், ஒரு ஐயங்கார் வீட்டில் எதற்குக் குண்டு போடும் விமானம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. என் அகத்துக்காரரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் அரை நாள் போய்விடும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் முரளிதரன். தில்லைநகரில் ஒரு பல் லேபில் வேலை. டாக்டர் அளவெடுத்து அனுப்பினால் இவர் பல் செட்டும் கிளிப்பும் செய்து அனுப்புவார். மிச்ச நேரமெல்லாம் விமானம். அலமாரி நிறையச் சின்னச் சின்னதாகச் செய்து வைத்திருக்கிறார். தூசி தட்டுவதற்கு நான் ஒருத்தி இருக்கிறேன் என்ற தைரியம். ஆனால் இவ்வளவு பெரியது இதற்கு முன்னால் வந்ததில்லை. கைக்குழந்தையைப் போடும் தொட்டில் அளவு இருந்தது அது.

கொண்டுவந்தவன் சுரேஷ்குமார், எடமலைப்பட்டி புதூர்க்காரன். ஓசூரில் வேலை. அவன் அப்பா செல்லக்கண்ணு விமானப் படையில் பிட்டராக இருந்தவர். கான்பெர்ரா என்ற குண்டு வீச்சு விமானத்தைப் பழுது பார்த்து, துடைத்து, அனுப்பி, அது திரும்பி வந்ததும் மறுபடி துடைத்தே காலத்தை ஓட்டியவர். ரிட்டயரான பிறகு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து அதே விமானத்தைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்திருக்கிறார். பாதியில் மாசி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அப்பா ரொம்ப ஆசையா செஞ்சாரு சார். வருஷத் திதிக்குள்ள முடிச்சுக் குடுத்தீங்கன்னா அவரு போட்டோவுக்குக் கீழ வெச்சிடுவேன்" என்றான் சுரேஷ்குமார். ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இறக்கி வைத்தான். இவர் உடனே சரி என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானமே இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் தாள்கள் இருந்தன, மேடும் பள்ளமுமாக. ஸ்வீட் கடைப் பெட்டிக்குள் லட்டு உட்காரக் குழி குழியாக ஒரு தட்டு இருக்குமே, அதையே நாலு மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கித் தொய்ய வைத்து, மர அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தாள் அச்சோடு ஒட்டிக்கொண்டு அந்த உருவத்தை வாங்கிக்கொள்ளுமாம். உடம்பு இரண்டு பாதியாக இருந்தது. ஒவ்வொன்றையும் தாளிலிருந்து கீறிப் பிரித்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கி ஒட்ட வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் விமானம் இளைத்துவிடும், குறைவாகத் தேய்த்தால் பெருத்துவிடும் என்று இவர் எனக்கு விளக்கினார். நான் தேய்க்கிற தேங்காய்ச் சில்லுக்கு யாரும் இப்படி விளக்கம் கேட்டதில்லை.

மாடி வெயிலில் கிடந்து ஒரு இறக்கை நெளிந்திருந்தது. அதற்காக அரியமங்கலத்தில் ஸ்வீட் தட்டு செய்கிற பட்டறைக்குப் போய், அவர்கள் மெஷினில் புதுசாக ஒன்று அச்சில் இழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். விமானி தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் குமிழை லேபிலேயே செய்தார். பல்லுக்குக் கிளிப் போடுகிற அதே சின்ன மெஷின்தான். எந்தப் பிள்ளையின் பல் வரிசை அதில் அன்றைக்குக் காத்துக்கொண்டிருந்ததோ தெரியாது. பல்லைக் குத்திப் பார்க்கிற ஊசியால் உடம்பு முழுவதும், நிஜ விமானத்துத் தகடுகளில் இருப்பதுபோல, ஆணித் தலைகள் போட்டார், ஒன்று ஒன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. நடுவில் நான் கூப்பிட்டால் கோபம் வேறு வரும். வீடெங்கும் வெள்ளைத் தூள். பருப்புப் பாத்திரத்தில்கூட அதைப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். செல்லக்கண்ணு சுத்தக்காரர். ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு டப்பாவில் போட்டு, மேலே சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். சக்கரம், இருக்கை, கண்ணாடி, குண்டு அறைக் கதவு. அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இவர் சொன்னார், "கோதை, இந்த மனுஷரோட உயிரோட இருந்தப்பவே பேசியிருக்கணும்." ஒரு வெள்ளை டப்பா, நீல மூடி போட்டது, அதில் 'மூக்கு எடை' என்று எழுதியிருந்தது.

அதென்ன மூக்கு எடை என்று நான்தான் கேட்டேன். இந்த விமானத்துக்கு மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம், இறக்கைக்குக் கீழே இரண்டு. பொம்மையில் வால் பக்கம் கனத்துவிடும். அதனால் மூக்குக்குள் எடை வைத்து மூடாவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும். இதைச் செய்கிறவர்கள் எல்லாருமே மூக்கில் எதையாவது போடுவார்களாம், ஈயக் குண்டு, இரும்புத் தூள், மணல், கையில் கிடைத்தது எதுவானாலும்.

டப்பாவைத் திறந்தார். சாம்பல் நிறத்தில் பொடி, நடுநடுவே வெள்ளையாகச் சில்லு. கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எடை பத்தாதே" என்று முணுமுணுத்தார். "அப்போ வேற போடுங்கோ" என்றேன். "சேச்சே. அவர் எடுத்து வெச்சதை நாம மாத்தப்படாது. இதையும் போட்டு, கூட ஈயமும் போட்டுக்கறேன்" என்றார். தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக் குண்டு வாங்கி வந்து, அந்தப் பொடியோடு சேர்த்து, பசையில் குழைத்து, மூக்குக்குள் அடைத்தார். இறந்துபோன ஒரு மனிதருக்கு இவர் காட்டிய மரியாதை அது. அதை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

குழைக்கும்போது கொஞ்சம் பொடி தரையில் கொட்டிவிட்டது. "கோதை, இதைச் செத்தப் பெருக்கேன்" என்றார். பெருக்கினேன். முறத்தில் பார்த்தால் அடுப்புச் சாம்பல் போல இருந்தது. எங்கள் பால்கனித் துளசியில் அப்போது வெள்ளைப் பூச்சி. சாம்பல் போட்டால் பூச்சி போகும் என்று எனக்குத் தெரியும். தூர எறிவானேன் என்று கொண்டுபோய்த் துளசித் தொட்டியில் தூவிக் கிளறிவிட்டேன். பூச்சி போயிற்று. துளசி அப்படியொரு செழிப்பு செழித்தது. எதிர் வீட்டு மாமியிடம் பெருமைகூட அடித்துக்கொண்டேன். தினமும் குளித்துவிட்டு வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றி, சுற்றி வந்து, நாலு இலை பறித்துப் பெருமாள் தீர்த்தத்தில் போட்டு, அதை நாங்கள் இருவரும் குடித்தோம்.

விமானம் முடிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே பிரமிப்பாக இருந்தது. பச்சையும் சாம்பலுமாக வண்ணம், வாலில் மூவர்ணம், வயிற்றில் திறந்து மூடுகிற கதவு, உள்ளே வரிசையாகக் குண்டுகள். என்ஜின் வாயில் புகை படிந்த கறையைக்கூட இவர் போட்டிருந்தார். மூன்று சக்கரத்திலும் ஜம்மென்று நின்றது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுரேஷ்குமாருக்குப் போன் செய்து வரச் சொன்னார்.

வந்தது அவன் இல்லை, அவன் அம்மா. காலையில் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு அம்மாள் நின்றாள், கையில் துணிப் பை, முகமெல்லாம் வேர்வை. "செல்லக்கண்ணு வீட்டுல இருந்து வர்றேங்க. எம்பேரு அமிர்தம்" என்றாள். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, வீதியில் நாலு பேரிடம் கேட்டு வந்திருக்கிறாள். விமானத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம். "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிட்டு மோர் கொடுத்தேன்.

பார்த்தாள். கிட்டே போகாமல் தள்ளி நின்றே பார்த்தாள். "இதேதாங்க. ஆக்ராவுல குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்னா தலைக்கு மேல போகும். அது எறங்கற வரைக்கும் அவரு சாப்பிட மாட்டாரு" என்றாள். இவருக்கு முகம் பூரித்துப் போயிற்று. பிறகு அவள் இவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சார், அந்தப் பெட்டியோட ஒரு டப்பா வந்துச்சுங்களா? நீல மூடி. மேல மூக்கு எடைன்னு எழுதியிருக்கும்."

"ஓ, அதுவா!" என்றார் இவர், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளையாட்டம். விமானத்தின் மூக்கைத் தட்டிக் காட்டினார். "அவர் எடுத்து வெச்சிருந்ததை அப்படியே உள்ள போட்டுட்டேம்மா. பசையில குழைச்சு அடைச்சிருக்கேன். இனிமே ஆடாது, அசையாது. கல்லு மாதிரி நிக்கும்."

அந்த அம்மாள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த இடத்தைப் பார்க்காமல் வைத்ததில் அது சாய்ந்து மோர் தரையில் ஓடியது.

"அது அவருங்க சார்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. இவருக்கும் புரியவில்லை. மூக்கைத் தட்டிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"அவரு அஸ்திங்க. இங்க காவிரியில, அம்மா மண்டபத்துல கரைச்சப்ப ஒரு கைப்பிடி நான் எடுத்து வெச்சேன். புள்ளைக்குத் தெரியாது. ராமேஸ்வரத்துலதான் கரைக்கணும்னு அவரு கேட்டிருந்தாரு. புள்ளைக்கு லீவு இல்ல, இங்கயே போதும்னுட்டான். சரி, நாம அப்பறமா கொண்டு போவோம்னு..." அவள் மூச்சு வாங்கினாள். "வீட்டுக்குள்ள வெக்கக் கூடாதில்லீங்களா. மரத்துல கட்டித் தொங்க விடணும். எங்க வீட்டுல ஏது மரம், முன்னால பூரா சிமெண்டு. மாடி ரூமு வீட்டுல சேராதுன்னு நெனச்சேன். அந்த டப்பா மூடிதான் இறுக்கமா இருந்துச்சு. உள்ள இருந்த இரும்புத் தூளைக் கொட்டிட்டு அவரை வெச்சேன். மக வீட்டுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், ரூமே காலியா கெடக்கு. இத்தனை மாசமா புள்ளைகிட்ட கேக்கவும் பயம். நேத்துதான் அவனே சொன்னான், எல்லாத்தையும் உங்ககிட்ட குடுத்துட்டேன்னு."

அஸ்தி. பெருமாள் இருக்கிற வீட்டுக்குள், சாப்பாட்டு மேஜை மேல், பசையில் குழைத்து. இவர் அதை எந்தக் கரண்டியால் குழைத்தார் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருக்கும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. முறம். துளசி. தீர்த்தம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் தூக்கிய கையை இறக்கினார். "தெரியாதும்மா... எனக்குத் தெரியாதும்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

"உங்களைக் குத்தம் சொல்லலீங்க. எடுத்துக் குடுத்துடுங்க சார். நான் போயிட்டு வரேன்" என்றாள் அமிர்தம்.

எடுத்துக் கொடுப்பது என்றால் அறுப்பது. இவர் ரம்பத் தகட்டை எடுத்துக்கொண்டு வந்து, விமானத்தை மல்லாக்கப் போட்டு, மூக்குச் சக்கரத்தைப் பிடுங்கிவிட்டு, மூக்குக்கு அடியில் கீற ஆரம்பித்தார். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் செய்த உடம்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட ஆணித் தலைகள் தூளாக உதிர்ந்தன. அறுக்கும்போது இவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அது விமானத்துக்காகவா, அந்த மனிதருக்காகவா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் குறடு வைத்து நெம்பினார். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி வெளியே வந்தது. சாம்பல் நிறம், நடுவில் ஈயக் குண்டுகள் முழித்துக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தார்.

முந்தானையில் வாங்கிக்கொண்டாள். விரலால் தடவினாள், நகத்தால் சுரண்டினாள். ஒரு துகள்கூட வரவில்லை.

"இது கரையாதுங்களா சார்?"

"கரையாதும்மா" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு. "எத்தனை வருஷமானாலும் கரையாது."

"அந்த மனுசன் உசுரோட இருக்கறப்பவே எதுலயும் லேசுல கரைஞ்சதில்ல" என்றாள் அமிர்தம். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் வாய் கோணிக்கொண்டது. "காதுக்கிட்ட போயி சொன்னேங்க, ராமேஸ்வரத்துல விடறேன்னு. பேச்சு நின்னுபோச்சு, ஆனா தலையை ஆட்டினாரு. இப்ப கடல்ல போயி கல்லைப் போட்டுட்டா வர்றது?" அப்படியே மேஜைக் காலில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. வேற்று வீடு என்று அடக்கிக்கொண்டாள் போலிருக்கிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துளசி விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். பெருக்கியதை எங்கே கொட்டினேன் என்று இவரே கேட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். தொட்டியை ஒருத்தருக்கும் தெரியாமல் கொள்ளிடத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, வீட்டைக் கழுவிப் புண்ணியாகவாசனம் செய்துகொண்டு, தலை முழுகியிருப்பேன். அப்படித்தான் செய்வதாகவும் இருந்தேன். ஆனால் அவள் அந்தக் கட்டியை மறுபடி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"அம்மா, இங்க வாங்கோ" என்றேன்.

அவள் கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துளசியைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிந்தியது, பெருக்கியது, பூச்சிக்கென்று தூவியது. தீர்த்தம் குடித்ததையும் சொன்னேன். பின்னால் வந்து நின்ற இவர், "கோதை!" என்று கத்தினார், அவர் இதுவரை என்னிடம் கத்தியதே இல்லை.

அமிர்தம் துளசியைப் பார்த்தாள். தோள் உயரத்துக்கு வளர்ந்து, இலை ஒவ்வொன்றும் அகலமாக, கதிர் விட்டிருந்தது. அவள் உட்கார்ந்து மண்ணில் விரலை விட்டாள். கறுப்பு மண், காலையில் ஊற்றிய ஈரம். சாம்பல் நிறம் எங்கேயும் இல்லை. வெள்ளைச் சில்லு எங்கேயும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள்.

"இதுல கரைஞ்சிட்டாரே" என்றாள்.

அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. நீல மூடி டப்பா இவர் பிரஷ் கழுவ வைத்திருந்ததுதான். நான் போய் அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் வேர் அறுந்துவிடாமல் ஓரமாக ஒரு கைப்பிடி மண் எடுத்து அதில் போட்டு மூடினாள். கடலுக்கு இது போதும் என்றாள்.

கூடத்துக்குத் திரும்பினோம். இவர் பதற்றத்தில் விமானத்தை நிமிர்த்தி வைத்து, மூக்குச் சக்கரத்தையும் அதன் இடத்தில் செருகிவிட்டுத்தான் எங்கள் பின்னால் வந்திருந்தார். எடை போனதில் அது வாலில் உட்கார்ந்திருந்தது. சக்கரம் மேஜையைத் தொடவில்லை, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அமிர்தம் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் கட்டியை இவர் கையில் கொடுத்தாள்.

"இதை இருந்த எடத்துலயே வெச்சிடுங்க சார். அவரு இல்லாட்டி இது நிக்காது போலிருக்கே."

இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புள்ளையிடம் சொல்ல வேண்டாம், திதி முடியட்டும், தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நான் மாடிப்படி வரை கூடப் போனேன். "உங்க வீட்டுல இப்படி ஒரு தீட்டைக் கொண்டாந்துட்டேன், மன்னிச்சிடுங்க மாமி" என்றாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள்.

"செடிக்கு தெனமும் தண்ணி ஊத்துவீங்களா?"

"தினமும். குளிச்சுட்டு வந்துதான்."

"எம் புள்ள ஒரே ஒரு நாள் ஆத்துல முழுகி எந்திரிச்சான்" என்றாள் அமிர்தம். "நீங்க இத்தனை மாசமா தெனமும் குளிச்சுட்டு வந்து அவருக்குத் தண்ணி விட்டிருக்கீங்க." டப்பா இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கு முழுவதும் நாங்கள் சாப்பிடவில்லை. இவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து, அந்தக் கட்டியைத் திரும்ப மூக்குக்குள் வைத்து ஒட்டினார். அறுத்த இடத்தில் மறுபடி ஆணித் தலை போட உட்கார்ந்தார். நான் தொட்டியை எப்போது கொண்டுபோய்க் கவிழ்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்பது? எந்த வாத்தியாரிடம் போய் இதைச் சொல்வது?

மறுநாள் காலையில் குளித்துவிட்டுச் சொம்பு நிறையத் தண்ணீரோடு போய் நின்றேன். இலை பறிக்கவில்லை, பெருமாளுக்கு எதிர் வீட்டு மாமியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சுற்றி வரவும் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றுவிட்டு, தண்ணீரை வேரில் ஊற்றினேன். யாருக்கு என்று தெரிந்து ஊற்றியது அதுதான் முதல் தடவை.